பாழாய்ப்போன ஒரு பெயரெச்சம்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துக்கு நாம் சென்றது, திரைலோக்கியநாதர் கோயிலின் விதான ஓவியங்களைக் காண்பதற்காக. விசயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் மேல், தீர்த்தங்கரர்களின் வரலாறு வண்ணத்தில் விரிகிறது. திரும்பும் வழியில், தறியோசை கேட்டு ஒரு வீட்டு வாயிலில் நின்றோம். பருத்தி ஊர்ப்பெயரோடு நின்றுவிட, தறியில் ஓடிக்கொண்டிருந்தது பட்டு. பாவில் இழை ஒன்று அறுந்தது. "பாழாய்ப்போன இழை!" என்றார் நெசவாளி. முடிந்துவிட்டு மீண்டும் ஓட்டினார். மறுபடி அறுந்தபோது, "கருமம்!" என்றார்.

அந்த இரு சொற்களும் நம்மை ஊர்வரை தொடர்ந்தன. அண்மையில் நாம் படித்த சில மொழிபெயர்ப்பு நாவல்களில், மழையில் நனைந்தவனும் காலில் கல் தட்டியவனும் "சபிக்கப்பட்ட மழை", "சபிக்கப்பட்ட கல்" என்று புலம்புகிறார்கள். ஆங்கில மூலத்தில் இருப்பது 'டாம்ன்டு' என்பதை ஊகிக்க அறிவு மிக வேண்டியதில்லை. தண்டனைத் தீர்ப்பிடுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலேயன் அதை வாயிலிட்டு மென்று, தீர்ப்பிடுபவரை என்றோ மறந்துவிட்டான். தமிழாக்கியவரோ மறந்துபோன நீதிபதியைத் தேடிப் பிடித்து வந்து மழைக்கு எதிரே அமர்த்துகிறார். 'சபிக்கப்பட்ட' என்றவுடன், 'யாரால்?' என்ற வினா எழாமல் போகாது. எரிச்சலில் இருப்பவனுக்கு அந்த வினாவுக்கு நேரம் ஏது?

'பாழாய்ப்போன' என்பதில் அத்தொல்லை இல்லை. அங்கே சபித்தவர் எவருமில்லை. பொருள் தானாகவே பாழாயிற்று. காலமும் கவனிக்கத்தக்கது. 'நாசமாய்ப் போக' என்னும் வியங்கோள் இனி நடக்கவேண்டியதைக் கேட்கிறது. 'நாசமாய்ப் போன' என்னும் பெயரெச்சமோ அது நடந்தே முடிந்ததாகக் கொள்கிறது. கோபம் பொறுமையற்றது, இறந்தகாலத்தையே விரும்புகிறது. வாழ்த்தவும் வையவும் ஒரே வியங்கோளை நம் இலக்கணத்தார் வகுத்ததை எண்ணும்போது, ஒரே வாயினின்று இரண்டும் வருவதைப் பற்றி யாக்கோபு தம் திருமுகத்தில் வருந்தியது நினைவுக்கு வருகிறது.

'கருமம்' இன்னும் ஆழமானது. வள்ளுவருக்கு அது செயல். சமணருக்கோ, உயிரின்மேல் நுண்ணிய துகளாய் வந்து ஒட்டுவது. அவர்கள் அதை எட்டு வகையாகப் பிரிப்பர். அதனை உதிர்த்தவர்களின் வரலாற்றையே அந்த விதானத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தோம். தெருவிலோ, ஊழும் கருமாதிச் சடங்கும் ஒன்றாய்க் குழைந்து, அது அறுந்த இழைக்கு ஆகிவிட்டது. மூதேவியின் நிலையும் இதுவே. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் கல்லில் தெய்வமாய் வீற்றிருப்பவள், வீட்டில் சோம்பேறிப் பெண்ணின் பட்டப்பெயராகிறாள்.

சொற்கள் தேய்வது குற்றமன்று. 1914-இல் இலண்டன் மேடையில், பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் 'பிளடி' என்ற சொல் ஒலித்தபோது பெரும் பரபரப்பு எழுந்தது. இன்று அது எவரையும் திடுக்கிடச் செய்வதில்லை. அருள் நிறைந்த மரியே செபத்தில் நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் 'பாவி' என்ற சொல், தெருவில் 'அடப்பாவி' ஆகி வியப்பையும் செல்லத்தையும் சுமக்கிறது. அதில் நமக்கு வருத்தமில்லை.

ஆனால் தேயாத சொல் ஒன்று உண்டு. நாம் பார்த்த பாஸ்கு நாடகம் ஒன்றில் யூதாசை நோக்கி, "சண்டாளப் பாவி!" என்று ஒருவர் முழங்கினார், கூட்டமும் கைதட்டியது. 'சண்டாளா' என்பது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதியினர் பட்டியலில் இன்றும் உள்ள ஒரு சமூகத்தின் பெயர். அதை இழிவாகவோ வேடிக்கையாகவோ ஆளலாகாதென 2024-இல் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையமும் எச்சரித்தது. 'பாழாய்ப்போன' யாரையும் குத்துவதில்லை, இது குத்துகிறது. மனிதரின் பிறப்பையே அடைமொழியாக்கி, முப்பது வெள்ளிக் காசுக்கு ஆண்டவரை விற்றவன்மேல் எறிகிறோம். அந்தப் பிறப்பில் வந்தவர் எவரும் அவரை விற்கவில்லை.

மறு ஆண்டு ஒத்திகையில் அச்சொல்லை மாற்றக் கேட்டோம். பேசுபவருக்கு அதில் மனமில்லை. 'துரோகி' என்று சொல்லிப் பார்த்தார். மேடைப் பேச்சாளரின் சொல்லாக அவருக்கே பட்டது. 'சபிக்கப்பட்டவனே' என்றார், பின்னால் நின்ற சிறுவர்கள் சிரித்தார்கள். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நன்றிகெட்ட பாவி" என்றார். சிறுவர்கள் சிரிக்கவில்லை.