உயிர் தப்பியவர்கள் இட்ட பெயர்கள்

ஈழப்போரிலிருந்து மீண்டவர்கள் எழுதிய நூல்களின் அட்டைகளை மட்டும் வாசித்துக்கொண்டு போனாலே ஒன்று புலப்படும். நான் பார்த்த வரையில், 'தப்பினேன்' என்று எவரும் பெயர் வைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொன்னவரிடம் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "நீ மட்டும் எப்பிடித் தப்பினனீ?"

மயிலிட்டிக்காரரான சி. புஷ்பராஜா 2003இல் வெளியிட்ட நூல் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்'. கணேசன் ஐயர் தம் நூலுக்கு 'ஈழப் போராட்டத்தில் எனது பதிவுகள்' என்று பெயரிட்டார். கலைநயம் தேடுபவருக்கு இரண்டும் சப்பென்றிருக்கும். ஆனால் ஒவ்வொரு இயக்கமும் தனக்கென ஒரு வரலாறு வைத்திருந்த காலம் அது. எழுதத் தொடங்கும்போதே 'பொய்' என்று எழப்போகிறவரின் குரல் காதில் விழுந்துவிடும். அதற்குத்தான் 'எனது' என்று ஒரு வேலி: நான் கண்டது இவ்வளவு, மற்றதற்கு நான் பொறுப்பில்லை. 1987இல் புலிகளின் சிறையிலிருந்து தப்பிய இரயாகரனும் 'வதைமுகாமில் நான்' என்றே எழுதினார். முகாம் முன்னுக்கு, ஆள் பின்னுக்கு. தப்பியது தலைப்பில் இல்லை.

சொந்தப் பெயரில் எழுத முடியாதவர்களுக்கு நாவல் இருந்தது. புளொட் இயக்கத்துக்குள் நடந்த வதைகளை எழுதியவர் 'கோவிந்தன்' என்ற புனைபெயருக்குள் நின்று, 1985இல் 'புதியதோர் உலகம்' என்று பாரதிதாசனிடமிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டார். அதைவிடக் கசப்பான தலைப்பு நம்மிடம் இல்லை. 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையைத் தொடும் தம் நாவலுக்கு ஷோபாசக்தி 'ம்' என்று ஒற்றை எழுத்தோடு நிறுத்திவிட்டார்.

போர் முடிந்த 2009க்குப் பிறகு தொனி மாறுகிறது. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்', வெற்றிச்செல்வியின் 'ஆறிப்போன காயங்களின் வலி' ஆகிய இரண்டிலும் செய்தவர் யாரென்று தலைப்பு சொல்லாது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில் காயத்தைச் சொல்லலாம், காயப்படுத்தியவரை உள்ளே வைத்துக்கொள்ளலாம். இதை அழகியல் என்று மட்டும் பாராட்டுகிற விமர்சகர்கள் பெரும்பாலும் வெளியூரில்தான் இருக்கிறார்கள்.

அதிகம் பேசப்பட்டது தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து, சிறையும் புனர்வாழ்வும் கண்டு, 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். நூல் 2016இல் வந்தது. முழுவதும் அவர் எழுதியதுதானா என்று சந்தேகம் கிளப்பியவர்கள் உண்டு. எழுதியவர் இல்லாததால் பதில் சொல்லவும் ஆளில்லை. அந்த வாள் யாருடையது? இயக்கத்தினுடையதா, அரசினுடையதா, அவரே ஏந்தியதா? நிழல் என்றால் அண்டி வாழ்ந்த இடம், அச்சத்தில் வாழ்ந்த இடமும்தான். துரோகி என்பவரும் போராளி என்பவரும் ஒரே தலைப்பை வைத்துச் சண்டை பிடிக்க முடிந்தது. என் கணிப்பில் அதுதான் அதன் பலம்.

வெளியுலகிலும் தலைப்பை வைத்து இந்தப் பேரம் நடந்திருக்கிறது. நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட எலி வீசல் 1956இல் யித்திஷ் மொழியில் வெளியிட்ட நூலின் தலைப்பு, உலகம் மௌனமாக இருந்ததென்று குற்றம் சாட்டியது. இரண்டு ஆண்டுகளில் அது சுருங்கி, பிரெஞ்சில் 'இரவு' என்று வந்தபோது குற்றவாளி மறைந்து இருள் மட்டும் நின்றது. பிரீமோ லெவியின் நூல் தாங்கி வந்த 'இவன் மனிதன்தானா' என்ற ஐயப் பெயரை அமெரிக்கப் பதிப்பாளர் 'அவுஷ்விட்சில் உயிர் பிழைத்தல்' என்று மாற்றினார். அப்படியொரு பெயரைப் பருத்தித்துறையிலோ கிளிநொச்சியிலோ ஒரு முன்னாள் போராளியின் நூலுக்கு வைத்தால், வாசகர் அட்டையிலேயே விசாரணையைத் தொடங்கிவிடுவார்.

புலிகளிடம் 1994 முதல் 2002 வரை கைதியாக இருந்த கடற்படை அதிகாரி அஜித் போயகொடவின் நினைவுகள் தமிழில் 'நீண்ட காத்திருப்பு' என்று வந்திருக்கின்றன. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராடும் தாய்மாரில் ஒருவர் நாளை எழுத உட்கார்ந்தால், முதலில் தோன்றக்கூடிய பெயர் அதுதான். வேறொன்று தேட வேண்டியிருக்கும்.