நெடுமொழியும் தாளமும்: யோகி பி இசைப்பணி - ஒரு மதிப்பீடு

தமிழ்ப் பாட்டு காலந்தோறும் புதுக்கோலம் பூண்டு வளர்ந்துள்ளது. வண்ணமும் சிந்தும் கும்மியும் கண்ணியும் அவ்வக்காலத்து மக்களின் தேவையால் செழித்தவை. இவ்வரிசையில் 'ராப்' எனப்படும் சொல்லிசைக்கு இடமுண்டா, அன்றி அது தாளத்தோடு கூடிய வெறுங்கூச்சல்தானா என்னும் வினா தமிழாசிரியரிடையே இன்றும் எழுகின்றது. அவ்வினாவுக்கு விடைகாண, யோகி பி என்னும் பெயரால் அறியப்படும் யோகேஸ்வரன் வீரசிங்கத்தின் இசைப்பணியை ஆராய்தல் பொருந்தும். அவர் பாடகர் மட்டுமல்லர். இசைத் தயாரிப்பாளரும் ஆவார்.

1973ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் வட்டாரத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்பார் இசைத்தட்டின் தாளப்பகுதியை மட்டும் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து ஆடுவோரை மகிழ்வித்தார். 'ஹிப்ஹாப்' என்னும் கலைக்கு அதுவே தோற்றுவாய் என்பர். வறுமையும் புறக்கணிப்பும் சூழ்ந்த நகர்ப்புறத்து இளைஞர் தம் குரலைக் கேட்பிக்கக் கண்ட வழி அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் வளர்ந்த தமிழிளைஞரை அக்கலை ஈர்த்ததில் வியப்பில்லை.

கோலாலம்பூரில் 1990களில் உருவான போயட்டிக் அம்மோ குழுவின் வழியே யோகி பி அறிமுகமானார். 1998இல் வெளிவந்த அக்குழுவின் முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனியம் ஆகிய நான்கு மொழிகளும் இடம்பெற்றன. ஆயினும் அங்கே தமிழ் பலவற்றுள் ஒன்றாகவே நின்றது. ஈப்போவைச் சேர்ந்த டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரின் நட்சத்திராவோடு இணைந்து 2006இல் அவர் வழங்கிய 'வல்லவன்' தொகுப்பிலேதான் தமிழ் தலைமையிடம் பெற்றது. 'காதலன்' திரைப்படத்தின் 'பேட்டை ராப்' 1994இலேயே வெளிவந்ததெனினும் அது திரைக்கதையின் ஒரு காட்சிக்கான பாடல். 'வல்லவனோ' கதைத்தலைவன் எவனையும் சாராது, பாடுவோர் தம் பெயரிலேயே பேசிய படைப்பு. வேறுபாடு சிறிதன்று.

தயாரிப்பாளனின் திறம் தேர்வில் விளங்கும். 'நிழல்கள்' (1980) திரைப்படத்தில் இளையராஜா இசையில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய 'மடை திறந்து' என்னும் பாடலை 'வல்லவன்' குழுவினர் அடித்தளமாகக் கொண்டனர். வாய்ப்புத் தேடும் இசைக்கலைஞன் ஒருவனின் வெற்றிக் கனவாக அப்படத்தில் அமைந்த பாடல் அது. அதே நிலையில் நின்ற மலேசிய இளைஞர் அதனை எடுத்தாண்டமையால் பழம்பாடலின் பொருள் சிதையவில்லை, மாறாக விரிந்தது. முன்னோர் மொழியைப் பொன்போல் போற்றி எடுத்தாளுதல் நன்னூலார்க்கும் உடன்பாடே என்பது ஈண்டு நினையத்தக்கது.

இப்பாடல்கள்மீது சுமத்தப்படும் முதற்குற்றம் தற்புகழ்ச்சி. 'வல்லவன்' என்னும் பெயரே அதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆனால் வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைக்கும் நெடுமொழி, புறப்பொருள் இலக்கணம் ஏற்ற துறையாகும். புலவன் தன்னைப் புகழத்தகும் இடங்கள் நான்கென நன்னூல் பாயிரம் வகுக்கின்றது. மன்னனுக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் அது குற்றமாகாது. இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் இவ்விளைஞரின் நிலைக்கு முற்றும் பொருந்துவன. அறியப்படாதவனும் பழிக்கப்பட்டவனும் தன்னைப் பற்றிக் கூறுவது செருக்கன்று. தன் இருப்பை நிலைநாட்டும் முயற்சி.

இனி, குறைகளும் உள. ஆங்கிலச் சொல்லிசை அசையழுத்தத்தையும் அடியிறுதி ஒலியொப்புமையையும் நம்பி நிற்பது. தமிழின் ஓசையோ குறில் நெடில் வேறுபாட்டாலும், வல்லொற்று மெல்லொற்றுகளின் அடுக்காலும், மோனை எதுகைகளாலும் பிறப்பது. அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தங்கள் இதற்குத் தக்க சான்று. யோகி பி குழுவினர் வல்லின ஒற்றுகள் மோத விரைந்து சொல்லும் இடங்களில் தமிழின் தாளம் இயல்பாக எழுகின்றது. இயைபு ஒன்றையே பற்றி, ஆங்கிலச் சொல்லால் அடியை முடிக்கும் இடங்களில் அது தளர்கின்றது. மொழிக்கலப்பு மலேசியத் தமிழரின் அன்றாடப் பேச்சு என்பது உண்மையே. ஆயின் பேச்சில் உள்ளதெல்லாம் பாட்டில் பயன் தரும் என்பதற்கில்லை.

மற்றொரு குறை காலப்போக்கில் நேர்ந்தது. 'பொல்லாதவன்' (2007) முதல் 'விவேகம்' (2017), 'காலா' (2018) வரை அவர் குரல் தமிழகத் திரைப்படங்களில் ஒலித்தது. 'காலா'வின் 'கற்றவை பற்றவை' போன்ற பாடல்களில் அதற்குச் சமுதாய நோக்கும் வாய்த்தது. எனினும், தன் பெயரில் பேசிய கலைஞன் திரைத்தலைவனின் பெருமையை முழங்கும் துணைக்குரலாகும்போது நெடுமொழி இரவல் மொழியாகின்றது. கோடம்பாக்கம் தந்த புகழ் பெரிது. மலேசியத் தமிழரின் வாழ்வைப் பேசும் தனித்தொகுப்புகள் அதற்கு ஈடாக வளர்ந்தனவா என்பதே எஞ்சும் வினா.

இக்குறைகளைக் கடந்தும், வெளியூர்த் தாளத்தில் உள்ளூர்த் தமிழை ஏற்றி, அதனைத் தமிழகமும் செவிமடுக்கச் செய்த பெருமை அவருக்கு உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இப்பாடல்களைச் சொல் பிறழாது ஒப்பிக்கும் மாணவனின் செவி, சந்தத்தை ஏற்கெனவே பழகிவிட்டது. அவன் நாவில் உள்ளதற்கு மோனை, எதுகை, இயைபு, நெடுமொழி எனப் பெயர் உண்டென்று காட்டுதல் ஆசிரியர் கடன். அவ்வாறு காட்டினால் யாப்பிலக்கணம் அவனுக்குத் தேர்வுச் சுமையாக இராது. நாளை அவன் இயற்றும் பாட்டுக்குக் கருவியாக அமையும்.