அடுப்பு மேடை முப்பது அங்குலம்

வீடு வேண்டுமா? கட்டுங்கள், வாங்காதீர்கள். கேட்டவர்களுக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். "பாக்குறவங்களையெல்லாம் பிடிச்சு நிறுத்தாதீங்க" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். என்ன செய்ய? காரைக்குடியில் எங்கள் வீடு எழும்பிய அந்த ஒன்பது மாதம் மாதிரி ஒரு காலம் எனக்கு வாய்த்ததே இல்லை!

முதலில் வாங்கத்தான் அலைந்தோம். பதினோரு வீடு பார்த்தோம். பதினோராவது வீட்டில் புதுப் பெயிண்ட் வாசனை ஆளைத் தூக்கியது. அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓதம்ப்பா. மேல பூசி மறைச்சிருக்காங்க" என்றார். அன்றோடு தரகருக்குக் கும்பிடு.

கணக்கும் ஒத்துவந்தது. கட்டின வீடென்றால் கட்டடத்தின் மதிப்புக்கும் சேர்த்து முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று 9 சதவீதம் போகும். நாங்கள் ஐந்து சென்ட் மனைக்கு மட்டும் கட்டினோம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் ஆன்லைனிலேயே அனுமதி. (வாடகையும் வங்கி வட்டியும் சேர்ந்து கழுத்தைப் பிடித்ததை மறைக்கவில்லை. பட்ஜெட்டும் எகிறியது. இருக்கட்டும்.)

செங்கல் வந்து இறங்கிய அன்று மேஸ்திரி இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீரென்றது. "வெந்த கல்லு சார்" என்றார். அன்றிலிருந்து நானும் கண்ட கல்லையெல்லாம் தட்டிப் பார்க்கிறேன், கோயில் மதில்வரை!

மேற்குச் சுவர்தான் என் பிடிவாதம். மாலை வெயில் நேராக அறையும் பக்கம். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு 'ராட் டிராப்' (எலிப்பொறி) கட்டுமானப் பித்து. கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவே பொந்து விட்டுக் கட்டுவது. கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். பொந்திலுள்ள காற்று வெக்கையை எளிதில் உள்ளே விடாது. மேஸ்திரி முதலில் சிரித்தார். "எலிக்கா வீடு கட்டுறோம்?" நாலு வரி ஏறியதும் அவரே தூரப் போய் நின்று ரசித்தார். அந்தச் சுவரைப் பூசவே விடவில்லை நான்.

இத்தனைக்கும் மேலே சமையலறை. அம்மா குள்ளம். வாடகை வீடுகளில் முப்பது வருடமாகத் தோளைத் தூக்கிக்கொண்டே தோசை சுட்டவர். மேஸ்திரி அவரை வெறுஞ்சுவர் முன்னால் நிறுத்தி, "ஆத்தா, கையை மடக்குங்க" என்றார். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் இறக்கி, செங்கல் துண்டால் கோடு கிழித்தார். டேப் வைத்தால் முப்பது அங்குலம். அம்மா அந்தக் கோட்டின் மேல் இல்லாத சட்டியில் இல்லாத குழம்பைக் கிண்டிப் பார்த்து, "சரியா இருக்குப்பா" என்றார். எந்த ரெடிமேட் வீட்டில் கிடைக்கும் இது?

கூரை கான்கிரீட் போட்ட மத்தியானம் வேலையாட்கள் அத்தனை பேருக்கும் பிரியாணி. மறுநாளிலிருந்து தளத்தின் மேல் வயல் வரப்பு மாதிரி பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். தினமும் விடியற்காலையில் ஏறி நான் தண்ணீர் பார்ப்பேன். மைனாக்கள் வந்து குளிக்கும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். பட்டறைக்கே போய் நின்றேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றுகிறார்கள், மேலே மணலும் சிமெண்டும். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போது பளிச்சென்று ஒரு பூ!

தப்பும் உண்டு. படுக்கையறை சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டது. என் யோசனைதான் அதுவும்.

போன வாரம் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் மாட்ட ஒரு தம்பி வந்தார். சமையலறைச் சுவரில் டிரில்லை வைத்தார். பூச்சுக்கு முன்னால் குழாய் ஓடியதைப் பார்த்தவனாயிற்றே நான்!

"அங்க வேண்டாம் தம்பி. ஒரு சாண் இடது பக்கம் தள்ளிப் போடுங்க."