கார்டிசால்: ரத்தம் சொல்வதும் சொல்லாததும்

கார்டிசால் சோதனையின் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது ரத்தம் எடுத்த நேரத்தை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இந்த ஹார்மோனை விடியற்காலையில் அள்ளி ஊற்றும். நள்ளிரவில் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். காலை 8 மணிக்கு ஒரு டெசிலிட்டருக்கு 18 மைக்ரோகிராம் இருந்தால் அது இயல்பு. தூங்கிக்கொண்டிருப்பவரிடம் நள்ளிரவில் எடுத்த ரத்தத்தில் அதே 18 வந்தால், டாக்டர் அடுத்தடுத்த சோதனைகளை எழுதிவிடுவார்.

சுரப்பியே கெட்டுப்போகும் நோய்களில் இந்தச் சோதனைக்கு ஈடில்லை. 1855-இல் தாமஸ் அடிசன் விவரித்த நோயில் அட்ரினல் அழிந்துகொண்டே வரும். உடல் இளைத்து, தோல் கறுத்து, எழுந்து நின்றாலே தலைசுற்றும் நோயாளிக்குக் காலை அளவு 3-க்குக் கீழே இருந்தால், அந்த எண் உயிரைக் காக்கும். காசநோய் அட்ரினலையும் அரிக்கும் என்பதால், நம் நாட்டில் இதன் அருமை இன்னும் கூடுதல். மறுமுனையில், கார்டிசால் மிதமிஞ்சும் குஷிங் நோய்க்குறி. அதற்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதாது. இரவு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, மறுநாள் காலை அளவு 1.8-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சுரப்பியை அடக்கப் பார்த்து அதன் பதிலைக் கேட்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

இதே சோதனையை 'மன அழுத்தத்தை அளக்கிறோம்' என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஊசியைக் கண்ட பயமே அளவை ஏற்றிவிடும். கார்டிசாலில் 90 சதவீதம் அளவுக்கு ரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது; ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை அவற்றில் ஒன்றைப் பெருக்குவதால், நிம்மதியாக இருக்கும் பெண்ணுக்கும் எண் எகிறும். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்கியவரின் சுரப்பியோ ஒடுங்கிக் கிடக்கும்; எண்ணும் தாழும்.

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது மனநல ஆய்வாளர் ரேச்சல் யெஹூதாவின் ஆய்வு. நாஜிக் கொடுமையிலிருந்து தப்பியவர்களில், அந்த அதிர்ச்சியின் நோய் நீங்காதவர்களுக்குச் சிறுநீரில் கார்டிசால் குறைவாக இருந்ததை 1990-களில் அவர் காட்டினார். அவ்வளவு பெரிய துயரத்தைச் சுமந்தவர்களிடமே எண் தாழ்ந்து நின்றது.

மாதக்கணக்கில் தூக்கமில்லாத ஒருவர் காசு கட்டிச் சோதித்து, 'நார்மல்' என்ற தாளோடு வீடு திரும்புகிறார். "அதான் ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சே" என்கிறார்கள் வீட்டில். அதற்குப் பிறகு அவர் தன் வேதனையைப் பற்றி வாயே திறப்பதில்லை.