அ. மாதவையாவின் ‘கிளாரிந்தா’ நாவலில் நம்பிக்கைப் பகிர்வும் பெண்கள் சபையும்

ஆய்வுச் சுருக்கம்

பாளையங்கோட்டைச் சீர்திருத்தக் கிறித்தவச் சபையின் தொடக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையவர் கிளாரிந்தா. அவருடைய வாழ்வை அ. மாதவையா 1915ஆம் ஆண்டு ‘கிளாரிந்தா’ என்னும் ஆங்கில நாவலாக எழுதினார். அந்நாவல் பின்னர்த் தமிழிலும் வெளிவந்தது. திருச்சபைப் பதிவு கிளாரிந்தாவை ஒரு கூட்டத்தின் முதற்பெயராகக் காட்டுகிறது. நாவலோ அவரைத் துன்பத்திலிருந்து மீண்ட தனிமனுஷியாகப் படைக்கிறது. இவ்வேறுபாட்டினால் நம்பிக்கைப் பகிர்வு என்னும் கூறு நாவலில் என்ன வடிவம் பெறுகிறது என்பதை வேதநாயக சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’யோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: கிளாரிந்தா, மாதவையா, பாளையங்கோட்டைச் சபை, பெத்லகேம் குறவஞ்சி, நம்பிக்கைப் பகிர்வு, சாதி.

முன்னுரை

கிறித்தவ மரபில் நம்பிக்கை என்பது தனிமனித உள்ளத்தில் நிகழும் மாற்றம் மட்டுமன்று. அது பகிரப்படுவதும் ஆகும். கூடிச் செபித்தல், சாட்சி கூறுதல், வீடுதோறும் சென்று வேதம் வாசித்தல், நோயுற்றாரைச் சந்தித்தல் ஆகிய செயல்களின் வழியாகவே ஒரு சபை சபையாகிறது. தென்தமிழகத் திருச்சபைகளில் இச்செயல்களைப் பெருமளவில் சுமந்தவர்கள் பெண்களே. வேதாகமப் பெண்கள் என்று அழைக்கப்பட்டோர் ஊர் ஊராகச் சென்றதும், இன்றைய தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஐக்கிய சங்கங்கள் கூடிவருவதும் இம்மரபின் தொடர்ச்சிகளாகும். எனினும் பெண்ணின் நம்பிக்கையை மையப்படுத்தும் இலக்கியங்கள் இக்கூட்டு வாழ்வை எந்த அளவுக்குப் பதிவு செய்துள்ளன என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. இவ்வினாவை எழுப்புவதற்கு மாதவையாவின் நாவல் தக்கதொரு களமாகும்.

சபைப் பதிவில் கிளாரிந்தா

தஞ்சாவூர் மராத்திய அந்தணக் குடும்பத்தைச் சார்ந்த கைம்பெண்ணாகிய கிளாரிந்தா, லிட்டில்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தவர். உடன்கட்டை ஏற இருந்த அவரை லிட்டில்டன் காப்பாற்றினார் என்னும் செய்தி வழக்கில் உள்ளது. தஞ்சாவூரில் அவர் திருமுழுக்கு வேண்டியபோது, மணவுறவின்றி லிட்டில்டனோடு வாழ்ந்ததைக் காரணம் காட்டிச் சுவார்ட்சு ஐயர் மறுத்தார். லிட்டில்டனின் மறைவுக்குப் பின், 1778ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்சு அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். 1780ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட சபைப் பட்டியலில் நாற்பது பெயர்கள் உள்ளன. அவற்றுள் முதற்பெயர் கிளாரிந்தாவினுடையது. அவருடைய முயற்சியால் எழுந்த ஆலயம் 1785ஆம் ஆண்டு சுவார்ட்சால் அர்ப்பணிக்கப்பட்டது. சத்தியநாதன் என்னும் உபதேசியார் இச்சபைக்கு அனுப்பப்பட்டு, 1790ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

இச்செய்திகளுள் இரண்டு சிறப்பாக நோக்கத்தக்கன. முதலாவது, திருமுழுக்கு மறுக்கப்பட்ட ஆண்டுகளிலும் கிளாரிந்தாவின் நம்பிக்கை அறுபடவில்லை என்பது. திருச்சபையின் ஏற்பு பின்னரே வந்தது. வேட்கை அதற்கு முன்னரே இருந்தது. இரண்டாவது, பட்டியலின் தன்மை. அது பல்வேறு சாதிகளைச் சேர்ந்த நாற்பதின்மரை ஒரே நிரலில் வைக்கிறது. அக்காலச் சமூகத்தில் ஓரிடத்தில் அமர்ந்து உண்ணக்கூட இயலாதவர்கள் ஒரே ஏட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டனர். ஆனால் பட்டியல் பெயர்களைத் தருமேயன்றிக் குரல்களைத் தராது. அந்த நாற்பதின்மரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எதைக் கற்றனர், எவ்வாறு செபித்தனர் என்பவற்றை அதிலிருந்து அறிய இயலாது. அந்த வெற்றிடத்தை நிரப்பும் வாய்ப்பு புனைகதைக்கு உண்டு.

நாவலின் நோக்குநிலை

மாதவையா (1872–1925) திருநெல்வேலி மாவட்டத்துப் பெருங்குளத்தில் பிறந்தவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர், மதம் மாறாதவர். பெண்களின் நிலை அவர் படைப்புலகின் நிலையான அக்கறை. 1892ஆம் ஆண்டு விவேகசிந்தாமணி இதழில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்னும் பெயரில் தொடங்கி இடையில் நின்று, 1903ஆம் ஆண்டு ‘முத்துமீனாட்சி’யாக நூல்வடிவம் பெற்ற கதையும் கைம்பெண்ணின் துயரைப் பேசுவதே. ‘கிளாரிந்தா’வை இந்த வரிசையில் வைத்தே வாசிக்க வேண்டும். மறைபரப்பு வரலாறுகள் சுவார்ட்சின் ஊழியத்தின் விளைவாகக் கிளாரிந்தாவைக் காட்டும் இடத்தில், நாவல் அவரையே தன் கதையின் நடுவில் நிறுத்துகிறது. குருவின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாக இருந்தவர் தனக்கென ஒரு வரலாறு பெறுகிறார். இது மாதவையாவின் குறிப்பிடத்தக்க பங்களிப்பாகும். கிறித்தவர் அல்லாத ஓர் எழுத்தாளர் கிறித்தவப் பெண்ணொருவரின் உள்ளத்தைப் பரிவோடு அணுகியிருப்பதும் மதிக்கத்தக்கது.

ஆயினும் நாவலின் கட்டமைப்பு இப்பங்களிப்புக்கு ஓர் எல்லையை விதிக்கிறது. முதுமைக் கணவனுக்கு மணம்முடிக்கப்படுதல், கைம்மை, சிதையிலிருந்து மீட்பு, லிட்டில்டனோடான உறவு ஆகிய நிகழ்வுகளே கதையின் உணர்ச்சிப் பரப்பை நிறைக்கின்றன. பாளையங்கோட்டை வாழ்வு இப்போராட்டங்களின் நிறைவாக அமைகிறதேயன்றிப் புதியதொரு கதையின் தொடக்கமாக வளரவில்லை. நம்பிக்கை கடந்துவரும் பாதையும் இதற்கேற்பவே அமைகிறது. லிட்டில்டன் மொழியையும் சமயத்தையும் கற்பிக்கிறான். சுவார்ட்சு மறுக்கிறார், பின் ஏற்கிறார். கற்பிப்பவன், தடுப்பவர், அனுமதிப்பவர் என்னும் நிலைகளில் எல்லாம் ஆண்களே உள்ளனர். சபையின் பெண்கள் கிளாரிந்தாவின் ஈகையைப் பெறுவோராகலாம். அவருடைய நம்பிக்கையில் பங்குகொள்ளும் தோழியராக, அவருக்குக் கற்பிப்போராக முதன்மைக் கதைமாந்தர் நிலையை எய்தவில்லை. பதிவேட்டில் நாற்பதின்மருள் ஒருவராக நின்றவர் நாவலில் ஏறக்குறையத் தனித்து நிற்கிறார்.

இதனை நாவலாசிரியரின் தனிப்பட்ட குறை என்று மட்டும் கொள்ள இயலாது. சீர்திருத்த நாவல் என்னும் வகைமை ஒடுக்கப்பட்ட தனிமனிதரையும் அவரை மீட்பவரையும் எதிரெதிரே நிறுத்தி இயங்குவது. மீட்கப்பட்டவர் பிறரோடு சேர்ந்து கட்டும் வாழ்வு, அவ்வகைமையில் முடிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. திருநெல்வேலிப் பகுதியில் மாதவையாவின் காலத்திலேயே பெண்கள் குழுவாகச் செயல்பட்டமை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பண்ணைவிளையிலிருந்தும் பின்னர் டோனாவூரிலிருந்தும் ஆமி கார்மைக்கேலோடு சிற்றூர்கள்தோறும் சென்ற பெண்களின் குழுவில் பொன்னம்மாள் என்னும் இளங்கைம்பெண் முக்கிய இடம் வகித்தார். கைம்பெண் ஒருவர் நம்பிக்கைக் கூட்டத்தின் தூணாக விளங்குவதைச் சமூகம் கண்டிருந்தது. அதற்குரிய கதைவடிவம்தான் சீர்திருத்த நாவலில் உருவாகவில்லை.

குறவஞ்சி காட்டும் மாற்றுப் பாதை

அத்தகைய வடிவம் தமிழில் முன்னரே இருந்தது என்பதற்குப் பெத்லகேம் குறவஞ்சி சான்றாகும். அதன் ஆசிரியர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்தவர். பாளையங்கோட்டை ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட 1785ஆம் ஆண்டிலேயே சுவார்ட்சால் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்லப்பட்டவர். 1800ஆம் ஆண்டில் அவர் இயற்றிய இக்குறவஞ்சி, கிளாரிந்தா வாழ்ந்த காலத்துத் தமிழ்க் கிறித்தவச் சூழலிலிருந்தே எழுந்ததாகும்.

குறவஞ்சி இலக்கணப்படி தலைவனைக் கண்டு காதல் கொண்ட தலைவிக்குக் குறத்தி கைபார்த்துக் குறி சொல்கிறாள். சாஸ்திரியார் தலைவியாகிய தேவமோகினியைத் திருச்சபையின் உருவகமாகவும், குறத்தியை விசுவாசத்தின் உருவகமாகவும் அமைத்தார். பறவை பிடிக்கும் சிங்கன் ஆன்மாக்களைத் தேடும் ஊழியனாகிறான். இவ்வமைப்பின் விளைவு கவனத்திற்குரியது. இங்கு நம்பிக்கை ஒரு பெண்ணிடமிருந்து மற்றொரு பெண்ணுக்குச் செல்கிறது. அது மேலிருந்து வழங்கப்படும் போதனையாக இல்லாமல், முற்றத்தில் எதிரெதிரே அமர்ந்து கைபற்றி நிகழும் உரையாடலாக உள்ளது. மலையிலும் காட்டிலும் அலைபவள் சொல்ல, உயர்குடிப் பெண் கேட்கிறாள். அறிவின் திசை சமூகப் படிநிலைக்கு எதிராக ஓடுகிறது.

இக்குறவஞ்சியை இயற்றியவர் ஓர் ஆண் என்பதும், அதன் மாந்தர் உருவகங்களேயன்றி வரலாற்றுப் பெண்கள் அல்லர் என்பதும் மறக்கத்தக்கன அல்ல. சாஸ்திரியாரின் காலத்துத் தஞ்சாவூர்ச் சபையில் சாதி வேறுபாடுகள் கடுமையான பூசல்களை எழுப்பின என்பதும் வரலாறு. ஆகவே குறவஞ்சியின் உருவகத்தைச் சபையின் நடைமுறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆனால் பெண்களிடையே பகிரப்படும் பக்தியைச் சொல்வதற்கு மரபு ஒரு வடிவத்தை வைத்திருந்தது என்பதை அது மெய்ப்பிக்கிறது. மாதவையாவின் நாவலில் குறத்தியின் இடத்தில் அமர்பவன் லிட்டில்டன். இவ்விடமாற்றமே இரு படைப்புகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு.

மக்கள் வழக்கில் பெயர்

பதிவேடு, நாவல் ஆகியவற்றுக்கு அப்பால் மூன்றாவதொரு சான்றும் உண்டு. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா எழுப்பிய ஆலயம் மக்கள் வழக்கில் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்று வழங்கிவருகிறது. குருவின் பெயரோ படை அதிகாரியின் பெயரோ இதில் இல்லை. கட்டிய பெண்ணே நினைவில் நிற்கிறார். மறைபரப்பு வரலாறுகள் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய ஒருவரை மக்கள் முதலிடத்தில் வைத்துள்ளனர். அம்மாள் என்னும் விளியில் மதிப்பும் உறவும் கலந்துள்ளன.

அதே வேளையில் இப்பெயர் திருமுழுக்குப் பெயரன்று, சாதிப்பெயர். தன் சாதியை இழந்து, பல சாதியாரோடு ஒரே பட்டியலில் இடம்பெற்ற ஒருவரை ஊர் அவர் விட்டுவந்த சாதியாலேயே நினைவுகூர்கிறது. நாவலிலும் கதைத்தலைவியின் உயர்குலப் பிறப்பே அவருடைய இழப்பின் அளவுகோலாகிறது. அவர் துறந்தது பெரிது என்பதனால் அவர் கதை சொல்லப்படுகிறது. துறப்பதற்கு ஏதுமற்றிருந்த பிற பெண்களின் நம்பிக்கை கதைக்குரியதாகக் கருதப்படவில்லை. சபையின் பெண்கள் நாவலில் மங்கிப்போவதற்கு வகைமை ஒரு காரணம் என்றால், சாதி மற்றொரு காரணம். யாருடைய மனமாற்றம் இலக்கியமாகத் தக்கது என்னும் முடிவில் சமூகப் படிநிலை மறைமுகமாகப் பங்கு கொள்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. சபைப் பட்டியல் கிளாரிந்தாவைக் கூட்டத்தின் நடுவே காட்டுகிறது. ஆனால் அக்கூட்டம் பேசுவதில்லை. மாதவையாவின் நாவல் அவருக்குப் பேச்சைத் தருகிறது. ஆனால் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பெத்லகேம் குறவஞ்சி பெண்ணுக்குப் பெண் நம்பிக்கையைச் சொல்லும் வடிவத்தை வழங்குகிறது. ஆனால் உருவக எல்லைக்குள் நிற்கிறது. மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போதே இவற்றுள் ஒவ்வொன்றும் விட்டுவைத்த இடம் புலப்படுகிறது.

கிளாரிந்தா முதற்பெயராக எழுதப்பட்டார் என்பது அவருக்குப் பின்னும் பெயர்கள் இருந்தன என்பதையே உணர்த்துகிறது. அவருக்கு ஆலயம் தேவைப்பட்டதும் உடன் கூடுவோர் இருந்தமையாலேதான். தமிழ்க் கிறித்தவப் பெண்களின் இலக்கிய வரலாறு தனித்த ஆளுமைகளின் வரிசையாக மட்டும் எழுதப்படுமாயின், அவர்களுடைய நம்பிக்கையின் இயல்பே பிழையாகப் பதிவாகும். சபைப் பதிவேடுகள், பெண்கள் சங்கங்களின் குறிப்பேடுகள், வாய்மொழிச் சாட்சிகள் ஆகியவற்றை இலக்கியப் பனுவல்களோடு இணைத்து ஆராய்வது இப்பிழையைத் திருத்த உதவும். முதற்பெயருக்குக் கிடைத்த கவனம் எஞ்சிய முப்பத்தொன்பது பெயர்களுக்கும் கிடைக்கும்போதே பாளையங்கோட்டைச் சபையின் கதை முழுமை பெறும்.