திரும்பும் முனையின் திருத்தம்

டைல்ஸ் ஒட்டி முடித்த புது வீட்டுக்குள் போனால் நம் கண் முதலில் நிறத்துக்குப் போகும், பிறகு தரையின் பளபளப்புக்குப் போகும். சற்று என்னோடு குளியலறைப் பக்கம் வாருங்கள். ஜன்னலைச் சுற்றிச் சுவர் உள்ளே திரும்புகிறதே, அந்த வெளிமூலையைப் பாருங்கள். மேஸ்திரியின் கைப்பதம் குடியிருப்பது அங்கேதான்.

உள்மூலை எதையும் மறைத்துக்கொள்ளும். ஒரு டைலின் வெட்டு விளிம்பு மற்றொன்றின் பின்னே ஒதுங்கிவிடும். வெளிமூலைக்கு ஒதுங்க இடமே இல்லை. செராமிக் டைலின் அழகெல்லாம் மேலே படிந்த மெல்லிய பூச்சுதான். விளிம்பில் அதன் மண்ணுடல் அப்படியே தெரியும். அதை மூடப் பிவிசி பீடிங்கும் எஃகுப் பட்டையும் இருக்கின்றன. நேராக வைத்த எஃகுப் பட்டைக்கும் ஒரு மிடுக்கு உண்டு. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் உருண்டை விளிம்புப் பட்டை நல்ல காவலும்கூட. ஆனாலும் நான் சொக்கி நிற்பது 45 டிகிரி வெட்டின் முன்னால்தான்.

இரண்டு டைல்களின் பின்புறத்தையும் 45 டிகிரி சாய்வில் சீவிச் சேர்த்தால் 90 டிகிரி மூலை வந்துவிடும். கணக்கு இவ்வளவுதான்; கலை அதற்கு மேலே இருக்கிறது. கைதேர்ந்தவர் 45க்கு ஓர் இம்மி கூடுதலாகவே சீவுவார். அப்போதுதான் உள்ளே பசைக்கு இடம் கிடைத்து, முன்விளிம்புகள் முட்டாமல் நெருங்கும். கிரைண்டரின் வைர பிளேடு, மேல்பூச்சைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பே நின்றுவிடும். கத்திபோல் கூராக்கினால் விளிம்பு பொரிந்துவிடும் என்று அந்தக் கைக்குத் தெரியும். சீறிச் சுழலும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, நூலளவு தடிப்பை மட்டும் விட்டுவைக்கிற அந்த நிதானத்தை என்னவென்று சொல்வது!

இன்னும் கிட்டே வந்து பாருங்கள். மார்பிள் ரேகை ஓடும் டைலாக இருந்தால், வெட்டிய துண்டையே அடுத்த முகத்தில் ஒட்டியிருப்பார். சாம்பல் நிற ரேகை ஒன்று முன்சுவரில் கிளம்பி, முனையில் தயங்காமல், சலவை வேட்டியின் மடிப்புப் போல் திரும்பி ஜன்னலுக்குள் போகும். கிடைமட்டக் கோடுகளும் அப்படியே இரண்டு முகங்களிலும் ஒரே மட்டத்தில் சந்திக்கும். இதற்கெல்லாம் முதல் டைல் ஒட்டும் முன்பே கணக்குப் போட்டிருக்க வேண்டும்: முழுத்துண்டு வெளிமூலையில், ஒட்டுத்துண்டு உள்மூலையில் என்று.

இனி விரலால் மேலிருந்து கீழே மெல்லத் தடவுங்கள். எங்கும் கீறாது. டைலின் நிறத்துக்கே கலந்த எபாக்ஸி அந்த மெல்லிய இடைவெளியில் நிறைந்து, உப்புத்தாளின் இதமான உரசலில் முனை மழுங்கியிருக்கும். விரல்நுனியால் தட்டினாலும் பொள்ளல் ஓசை வராது. உள்ளே பசை நிறைந்த மூலை, வாளி இடித்தாலும் எளிதில் உடையாது.

ஒட்டுகூலியைச் சதுர அடியில்தான் பேசுகிறோம். மூலையோ சதுர அடிக்குள் அடங்காத வேலை. வீடு கட்டுகிறவர்களே, வெளிமூலைகளுக்கு ஓட்ட அடிக் கணக்கில் தனிக்கூலி பேசுங்கள். மூலை வேலை நடக்கும் நாட்களில் மேஸ்திரியை அவசரப்படுத்தாதீர்கள்.