இருந்தால் நல்லது என்பதை எப்படிச் சொல்வது?

லினக்ஸ் கணிப்பொறியில் ஒரு நிரலை நிறுவினால், அதற்குத் தேவையான பிற தொகுப்புகளும் உடன் வந்து சேருகின்றன. மெச்சத்தக்க ஏற்பாடுதான். ஆனால், 'இருந்தால் நல்லது' என்ற வகையைச் சேர்ந்த செருகுநிரல்களை அது நடத்தும் விதத்தில் குறை இருக்கிறது.

டெபியன் அமைப்பில் முக்கியமாக மூன்று படிகள் உண்டு. 'டிப்பெண்ட்ஸ்' என்பது கட்டாயத் தேவை. 'ரெக்கமெண்ட்ஸ்' என்பது, அரிதான நிலைகளில் தவிர, உடன் இருக்க வேண்டியது. 'சஜஸ்ட்ஸ்' என்பது விரும்பினால் சேர்ப்பது. நிறுவும் கருவியான 'ஆப்ட்' வழக்கமாக முதலிரண்டையும் கொண்டுவரும். மூன்றாவதன் பெயரை மட்டும் சொல்லும். ஏன் வேண்டும் என்று சொல்லாது.

பிரிவு நன்று. ஆனால், எது எந்தப் படியில் சேரும் என்று தீர்மானிப்பது யார்? நிரலுடன் நேரடியாகப் பிணைந்த நூலகங்களைத் தொகுப்புக் கருவிகள் தாமே கண்டுகொள்ளும். செருகுநிரலோ, நிரல் ஓடும்போது 'டிஎல்ஓப்பன்' என்னும் அழைப்பால் ஏற்றப்படுகிறது. பிணைப்புப் பட்டியலில் அதன் பெயர் இராது. தொகுப்பாளர்தாம் நினைவு வைத்து எழுத வேண்டும். மறந்தால், கருவி எச்சரிக்காது.

விளைவைப் பாருங்கள். ஒலி, ஒளிக் கோப்புகளைக் கையாளும் 'ஜிஸ்ட்ரீமர்' பெரும்பாலும் செருகுநிரல்களாலேயே இயங்குவது. வட்டில் இடம் மிச்சப்படுத்த ஒருவர் ரெக்கமெண்ட்ஸை நிறுத்திவிட்டால், இயக்கி திறக்கும். படம் ஓடாமற் போகலாம். அவர் பழிப்பது நல்ல கோப்பை! இன்ன செருகுநிரல் இல்லை என்று அறிவிக்க ஜிஸ்ட்ரீமரில் வழி உண்டு. நிரல் எழுதுவோர் அதைப் பயன்படுத்தினால்தான் பயன்.

ஆர்ச் லினக்ஸ் ஒரு படி மேல். விருப்பத் தொகுப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'அச்சிடுவதற்கு' என்பதுபோல் காரணத்தை எழுத இடமளிக்கிறது. ஆனால் எதையும் தானே நிறுவாது. நிறுவும்போது திரையில் ஓடும் அந்த வரிகளை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

2024-இல் வெளிவந்த 'சிஸ்டம்டி' 256-ஆம் பதிப்பு நோயின் வேரைத் தொட்டது. ஓடும்போது ஏற்றப்படும் நூலகங்களின் பெயரையும், அவை எவ்வளவு அவசியம் என்பதையும் நிரற்கோப்பிலேயே குறித்து வைக்கும் முறையை அது கொண்டுவந்தது. கருவி அதைப் படித்துக்கொள்ளலாம். எனினும், அக்குறிப்பை எழுத வேண்டியவர் மனிதரே.

தேவையை நன்கு அறிந்தவர் நிரலை எழுதியவர். அவர் குறிப்பை நிரலில் பதித்து, தொகுப்பாளர் காரணத்தைச் சேர்த்து, நிரலும் குறை நேரும்போது வாய்திறந்து சொல்லட்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், அலைச்சல் பயனாளருக்கே.